வாசலில் வந்தவரிடம் கரண்ட் பில்லைக் காட்டிவிட்டேன், கம்பெனி மாறிவிடுமா? (பாஸ்டன், வாடகை வீடு)

பிரைட்டன் மதி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாஸ்டனில் பிரைட்டன் பக்கம் ஒரு மூன்றுமாடி வீட்டில் நடுமாடியை வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். செப்டம்பர் 1 அன்று குடிவந்தோம், ஏழு மாதம் ஆகிறது. கரண்ட் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது, மாதம் 300 யூனிட் பக்கம் வரும். நேற்று சாயங்காலம் ஒருவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு வந்து கதவைத் தட்டினார். "உங்கள் எவர்சோர்ஸ் பில்லில் இந்தத் தெருவுக்கு விலை குறைப்பு வந்திருக்கிறது, உங்களுக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும், பில்லைக் காட்டுங்கள்" என்றார். எங்களுக்குக் கரண்ட் பில் அனுப்பும் கம்பெனியான எவர்சோர்ஸின் ஆள் என்றே நினைத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு வேறு, குழந்தை இடுப்பில். பில்லை எடுத்துக் காட்டினேன், அவர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு நம்பருக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார். அந்தக் குரல் பெயர், முகவரி எல்லாம் கேட்டது, "நீங்களாக விருப்பப்பட்டுத்தான் மாறுகிறீர்களா" என்றும் கேட்டது. அவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், நானும் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி அவர் விட்டுப்போன தாளை நிதானமாகப் படித்தேன். முதல் மூன்று மாதம் யூனிட்டுக்கு 12.4 சென்ட், அதற்கப்புறம் "மாதாமாதம் மாறும் விலை" என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறது. இடையில் விலகினால் 75 டாலர். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு.

இன்னொன்று, பில்லை எடுத்துப் பார்த்தால் சப்ளை என்ற பகுதியில் எவர்சோர்ஸ் பெயரே இல்லை, வேறு ஏதோ கம்பெனி பெயர் இருக்கிறது. அவரும் அதைக் காட்டி, "பாருங்கள், உங்களை ஏற்கெனவே யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள், நாங்கள் சரிசெய்து தருகிறோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் இப்படி மாறலாமா? மாறினால் கரண்ட் நிற்குமா? இப்போது இதிலிருந்து வெளியே வர முடியுமா?

வெஸ்ட்பரோ மீனா

மதி, முதலில் பயப்படாதேம்மா. முடியும், ஆனால் இன்றைக்கே செய். மாசசூசெட்ஸில் இப்படிச் சேர்ந்தவர்களுக்கு, ஒப்பந்த விவரம் எழுத்தில் கைக்கு வந்த பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அபராதம் இல்லாமல் ரத்துசெய்ய உரிமை இருக்கிறது. அந்தத் தாளில் கம்பெனி நம்பர் இருக்கும். கூப்பிட்டு "ரத்துசெய்கிறேன்" என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்பார்கள், இன்னும் குறைத்துத் தருகிறோம் என்பார்கள், நீ காரணமே சொல்ல வேண்டியதில்லை. ரத்துசெய்ததற்கான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வை, அப்புறம் அதையே ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடு. அடுத்து எவர்சோர்ஸைக் கூப்பிட்டு, உன் கணக்கை மாற்றச் சொல்லி ஏதாவது வந்திருக்கிறதா என்று கேள். மாற்றம் உடனே நடக்காது, அடுத்த மீட்டர் கணக்கெடுப்புத் தேதியில்தான் அமலுக்கு வரும். அதனால் உனக்கு நேரம் இருக்கிறது.

அந்தப் போன் குரல் என்ன தெரியுமா? அதுதான் சரிபார்ப்பு அழைப்பு. நீ ஆமாம் சொன்னது பதிவாகியிருக்கும். பில்லில் இருக்கும் கணக்கு எண்ணும் அந்தப் பதிவும் கையில் இருந்தால் போதும், கையெழுத்தே இல்லாமல் உன்னை மாற்றிவிடலாம். அதனால்தான் அவர்கள் முதலில் பில்லைக் கேட்பது.

சப்ளை பகுதியில் வேறு பெயர் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அநேகமாக அது பாஸ்டன் நகரமே நடத்தும் திட்டம். ஊர் முழுக்க இருக்கும் வீடுகளுக்குச் சேர்த்து நகராட்சி ஒரு கம்பெனியிடம் மொத்தமாக விலை பேசி வாங்குகிறது. 2021 பிப்ரவரியில் ஆரம்பித்தார்கள். நீயாக வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகவே அதில் சேர்த்துவிடுவார்கள், அதற்கு ஒரு கடிதம் வந்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அபராதம் கிடையாது. அதைப் போய் "யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்" என்று சொன்ன ஆளை என்ன சொல்வது.

பில்லை ஒருமுறை விரித்து வைத்துப் பார். இரண்டு பாதி இருக்கும். டெலிவரி என்பது கம்பி, கம்பம், மின்மாற்றி, மீட்டர், பழுதுபார்ப்பு. அது எவர்சோர்ஸுக்கு, யாரிடம் வாங்கினாலும் அதே தொகை. சப்ளை என்பது மின்சாரம் என்ற சரக்கின் விலை, அது மட்டும்தான் மாறும். 1997இல் சட்டம் போட்டு 1998 மார்ச் முதல் இந்தப் பாதியை யாரிடமும் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். கம்பி அதே கம்பிதான், அதனால் எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் கரண்ட் நிற்காது. புயலில் போனாலும் எவர்சோர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் மாறலாம், பில் யார் பெயரில் வருகிறதோ அவர்தான் முடிவு செய்ய வேண்டும், வீட்டுக்காரர் அனுமதி தேவையில்லை. கரண்ட் வாடகையிலேயே அடங்கியிருந்தால்தான் உன் கையில் ஒன்றும் இருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016இல் நானும் இப்படித்தான் ஒன்றில் சேர்ந்தேன், ஒரு வருடத்துக்கு நிலையான விலை, 9.2 சென்ட். அந்த வருடம் உண்மையிலேயே கொஞ்சம் மிச்சம்தான், நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பன்னிரண்டாம் மாதம் ஒரு கடிதம் வந்திருக்கிறது, விளம்பரத் தாள்களோடு கலந்து வந்ததால் அப்படியே மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன். பதிமூன்றாம் மாதத்திலிருந்து மாறும் விலை. பில் தானாக வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்ததால் எட்டு மாதம் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் 15.8 சென்ட் போட்டிருக்கிறார்கள், அப்போது பேசிக் சர்வீஸ் (வேறு யாரையும் தேர்ந்தெடுக்காதவர்களுக்குக் கம்பிக் கம்பெனியே தரும் சப்ளை) 10 சென்ட் பக்கம்தான். மாதம் 600 யூனிட் ஓடும் வீடு, கணக்குப் போட்டுக்கொள். அந்த வருடம் மிச்சம் பிடித்தது எல்லாம் இரண்டே மாதத்தில் போய்விட்டது, மீதி ஆறு மாதமும் சுத்த நஷ்டம்.

கணக்கு சுந்தர்

மீனா அக்கா சொன்னது எல்லாம் சரி, அவசர வேலையும் அதுதான். ஆனால் மாறுவதே தப்பு என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம், மாறியதால் எனக்கு நல்ல பணம் மிச்சமாகியிருக்கிறது, அது எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் நேஷனல் கிரிட் பகுதி, எவர்சோர்ஸ் மாதிரி இன்னொரு கம்பிக் கம்பெனி. 2021 டிசம்பரில் எரிவாயு விலை ஏறுவதைப் பார்த்துவிட்டு, மாநில அரசின் எனர்ஜி ஸ்விட்ச் மாசசூசெட்ஸ் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடி, 18 மாதத்துக்கு 12.9 சென்ட் நிலையான விலை, விலகல் கட்டணம் இல்லை என்று ஒன்றை எடுத்தேன். நியூ இங்கிலாந்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி எரிவாயுவில்தான், குளிர்காலத்தில் அதே எரிவாயு வீடுகளைச் சூடாக்கவும் வேண்டும், அதனால் எரிவாயு ஏறினால் கரண்ட் விலையும் கூடவே ஏறும். உக்ரைன் போர் வந்த பிறகு 2022 நவம்பரில் நேஷனல் கிரிட் பேசிக் சர்வீஸ் ஒரே அடியாக 34 சென்ட் பக்கம் போனது, அதற்கு முந்தைய குளிர்காலத்தில் 15 சென்ட் பக்கம் இருந்தது. எங்கள் வீட்டைச் சூடாக்குவதும் கரண்டில் ஓடும் ஹீட் பம்ப்தான், மாதம் 700 யூனிட். யூனிட்டுக்கு 21 சென்ட் வித்தியாசம் என்றால் மாதம் 147 டாலர், ஆறு மாதத்துக்கு 882 டாலர். அடுத்த மே மாதம் பேசிக் சர்வீஸ் மறுபடி 14 சென்டுக்கு இறங்கியது. என் ஒப்பந்தம் ஜூனில் முடிந்ததும் நானே கூப்பிட்டு பேசிக் சர்வீஸுக்குத் திரும்பிவிட்டேன். முடியும் தேதியை ஒப்பந்தம் போட்ட அன்றே கைப்பேசியில் மூன்று இடத்தில் நினைவூட்டலாகப் போட்டு வைத்திருந்தேன், ஒரு மாதம் முன்பு, பத்து நாள் முன்பு, அன்றைக்கு.

இதில் பாதி அதிர்ஷ்டம். போர் வரும் என்று எனக்குத் தெரியாது. விலை இறங்கியிருந்தால் நான் 18 மாதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பேன், ஆனால் விலகல் கட்டணம் இல்லாததால் எழுந்து வந்திருக்கலாம். அதனால்தான் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் விலகல் கட்டணத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

மொத்தமாகப் பார்த்தால் படம் வேறு. இந்த மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகம் 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. போட்டிக் கம்பெனிகளிடம் வாங்கிய வீடுகள் 2015 ஜூலை முதல் 2017 ஜூன் வரை இரண்டே ஆண்டில், பேசிக் சர்வீஸில் இருந்திருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைவிட 17 கோடியே 68 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுத்திருந்தன. தனி வீடுகளுக்கு விற்பதையே நிறுத்த வேண்டும் என்று அதில் பரிந்துரையும் செய்தார்கள். பிறகு வந்த அறிக்கைகளில் அந்த மொத்தம் 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதில் என் மனத்தைக் குடைந்தது ஒன்று. குறைந்த வருமானக் குடும்பங்கள் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்கு இதில் மாட்டியிருந்தன. கதவு தட்டுபவர்கள் எந்தத் தெருக்களுக்குப் போகிறார்கள் என்று இதிலேயே தெரிகிறது.

மதி, உங்கள் லீஸ் ஆகஸ்ட் 31இல் முடியும், இல்லையா? பாஸ்டனில் பாதி ஊர் செப்டம்பர் 1 அன்றுதான் வீடு மாறும். ஒரு வருட ஒப்பந்தத்தை ஏப்ரலில் போட்டால் நடுவில் வீடு காலி செய்ய வேண்டி வரும். அப்போது ஒப்பந்தம் புது வீட்டுக்குக் கூட வருமா, 75 டாலர் கேட்பார்களா என்பது தாளில் தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது. மாதம் 300 யூனிட் ஓடும் வீட்டில் யூனிட்டுக்கு 2 சென்ட் மிச்சம் என்றாலும் மாதம் 6 டாலர்தான். மூன்று மாதத்துக்கு 18 டாலர். அதற்காக 75 டாலர் ஆபத்தை எடுக்க வேண்டுமா?

ஷ்ரூஸ்பரி ரவி

ஒரு சின்னத் தகவல். ஷ்ரூஸ்பரி, பெல்மாண்ட், நார்வுட், பிரெயின்ட்ரீ மாதிரி ஊர்களில் கரண்ட் ஊராட்சிக்கே சொந்தம், அங்கே கம்பெனி மாறும் வசதியே கிடையாது. இந்த ஊர்களில் யாராவது வந்து மாறச் சொன்னால் பேச்சை வளர்க்காமல் கதவைச் சாத்திவிடலாம். விலை பொதுவாகக் குறைவாகத்தான் இருக்கிறது, வீடு தேடுபவர்கள் இதையும் கேட்டுவிட்டுத் தேடுங்கள்.

பிளேனோ குமரன்

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை தலைகீழ், அங்கிருந்து இங்கே வருபவர்கள் அந்த ஊர் பழக்கத்திலேயே இருந்து தடுமாறுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் "சும்மா இருந்தால் பழைய கம்பெனியே" என்பது கிடையாது. 2002இலிருந்து நீங்களாக ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், அபார்ட்மெண்ட் சாவி கொடுக்கும் முன்னாலேயே கரண்ட் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று கேட்பார்கள். கம்பி எங்கள் பக்கம் ஆன்கோர், ஹூஸ்டனில் சென்டர்பாயிண்ட். ஆஸ்டினிலும் சான் அன்டோனியோவிலும் நகராட்சி கரண்ட், அங்கே தேர்வு இல்லை.

இங்கே மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு விவரத்தாள் கொடுத்தே ஆக வேண்டும், அதில் 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை இருக்கும். 1000 யூனிட் கட்டத்தில் விலை பிரமாதமாக இருக்கும், ஏனென்றால் சரியாக 1000 தொட்டால் 100 டாலர் கழிவு என்று வைத்திருப்பார்கள். நான் ஒற்றை அறை அபார்ட்மெண்டில் இருந்தபோது அப்படி ஒன்றை எடுத்தேன். ஜூலை, ஆகஸ்டில் ஏசி ஓடியதால் 1000 தாண்டியது, சரி. அக்டோபரில் 620 யூனிட். கழிவு இல்லை, யூனிட் விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறிவிட்டது. சின்ன வீட்டில் இருப்பவர்கள் 500 யூனிட் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும், தேடுதல் தளங்கள் முதலில் காட்டுவது 1000.

அப்புறம் 2021 பிப்ரவரி பனிப்புயல். மொத்தச் சந்தை விலையை அப்படியே வீட்டுக்குத் தரும் திட்டங்கள் அப்போது இருந்தன. சாதாரண நாளில் ரொம்ப மலிவு. அந்த வாரம் சந்தை விலை உச்சவரம்பான ஒரு மெகாவாட்-மணிக்கு (1000 யூனிட்டுக்கு) 9000 டாலரில் போய் நின்றது, அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தவர்கள் உண்டு. அந்த வருடமே வீடுகளுக்கு அப்படி விற்பதைச் சட்டமன்றம் தடைசெய்தது. கனெக்டிகட் இன்னும் முன்னாலேயே, 2015 அக்டோபரிலிருந்து, வீடுகளுக்கு மாறும் விலை ஒப்பந்தம் போடுவதையே நிறுத்திவிட்டது. மதிக்கு வந்த தாளில் "மாதாமாதம் மாறும் விலை" என்று படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது. வீட்டைக் காலி செய்து போனால், புது முகவரியைக் காட்டினால் விலகல் கட்டணம் வாங்கக் கூடாது. பலருக்கு இது தெரியாமல் 150 டாலர் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

பிரைட்டன் மதி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீனா அக்கா எழுதியதைப் பார்த்ததும் கூப்பிட்டுவிட்டேன். இருபது நிமிடம் காத்திருக்க வைத்தார்கள், பிறகு "மேலாளரிடம் கேட்கிறேன்" என்று இன்னொரு பத்து நிமிடம், 11.9 சென்டுக்குத் தருகிறோம் என்றார்கள். நீங்கள் சொன்ன மாதிரி "ரத்துசெய்கிறேன், எண் கொடுங்கள்" என்று மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் கொடுத்தார்கள், மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். எவர்சோர்ஸில் கேட்டதில் இன்னும் எந்த மாற்றக் கோரிக்கையும் பதிவாகவில்லை என்றார்கள். பில்லில் இருந்தது நகரத் திட்டம்தான், செப்டம்பரில் வந்த கடிதம் ஒரு பழைய உறைக்குள் பிரிக்காமலே கிடந்தது.

ஒரு சந்தேகம். அந்தக் கடிதத்தில் மூன்று தேர்வு இருக்கிறது, அதில் ஒன்று முழுக்கப் பசுமை மின்சாரம், விலை கொஞ்சம் அதிகம். வாசலில் வந்தவரும் "நாங்கள் 100 சதவீதம் பசுமை" என்றார். இரண்டும் ஒன்றுதானா?

கணக்கு சுந்தர்

பெயர் ஒன்று, சரக்கு வேறாக இருக்கலாம். உங்கள் வீட்டுக் கம்பியில் வரும் மின்சாரம் எல்லோருக்கும் வருவதுதான், அதைப் பிரித்து அனுப்ப முடியாது. காற்றாலையோ சூரியப் பலகையோ ஆயிரம் யூனிட் உற்பத்தி செய்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும், அதை உங்கள் பெயரில் வாங்கி, மறுபடி யாருக்கும் விற்க முடியாதபடி கணக்கில் முடித்துவிட்டால் நீங்கள் பசுமை மின்சாரம் வாங்கியதாகக் கணக்கு. அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். எங்கோ தூரத்தில் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழ் மலிவு, நீங்கள் வாங்காவிட்டாலும் அது ஓடத்தான் போகிறது. நியூ இங்கிலாந்து கட்டமைப்புக்குள் வரும் புது உற்பத்திக்கான 'கிளாஸ் ஒன்' சான்றிதழ் விலை அதிகம், அதற்குக் கிராக்கி கூடினால்தான் இங்கே புதிதாக ஒன்று கட்டுவதற்குக் காரணம் பிறக்கும். இந்த மாநிலத்தில் எல்லா சப்ளையரும் குறிப்பிட்ட அளவு கிளாஸ் ஒன் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

பிரைட்டன் மதி

புரிந்தது. வீட்டில் பேசி முடிவு செய்கிறோம்.

இன்னொரு விஷயம், இதற்கும் வழி சொல்லுங்கள். இன்று காலை கீழ்மாடியில் இருக்கும் பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். தனியாக இருக்கிறார், சீனாவிலிருந்து வந்து ரொம்ப வருடம் ஆகிறது, ஆங்கிலம் கொஞ்சம்தான். அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்த பில்களைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாவற்றிலும் கட்டிய தேதியைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். சப்ளை பகுதியில் வேறொரு கம்பெனி, 23.6 சென்ட். எங்கள் பில்லில் இருக்கும் விலையைவிட ரொம்ப அதிகம். பின்னால் புரட்டிக்கொண்டே போனால் இரண்டு வருடத்துக்கு முந்தைய பில்லிலும் அதே கம்பெனிதான். எப்போது சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை, "ஒரு பையன் வந்தான், தள்ளுபடி என்றான்" என்கிறார். அவருக்காக நான் கூப்பிடலாமா?

வெஸ்ட்பரோ மீனா

அவர் பெயரில் இருக்கும் கணக்கை நீ தனியாகக் கூப்பிட்டு மாற்ற முடியாதும்மா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்கச் சொல். முதலில் எவர்சோர்ஸ், பேசிக் சர்வீஸுக்கோ நகரத் திட்டத்துக்கோ திரும்ப வேண்டும் என்று சொல்லட்டும். மாறும் விலைக்குப் போய்விட்ட ஒப்பந்தத்தில் பெரும்பாலும் விலகல் கட்டணம் இருக்காது, இருந்தாலும் கேட்டுவிடு. வருமானம் குறைவு என்றால் எவர்சோர்ஸிலேயே தள்ளுபடி விலை உண்டு, அதில் சேர்ந்திருக்கிறாரா என்று அதே அழைப்பில் கேள். பழைய பில்களை ஒன்றுவிடாமல் படம் எடுத்து, அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு அவர் பெயரில் ஒரு புகார் போடுங்கள். பென்சிலில் தேதி எழுதி வைத்திருக்கிறார் என்றாயே, அதை அழிக்க வேண்டாம் என்று சொல், அதெல்லாம் உதவும்.

பிரைட்டன் மதி

சரி அக்கா. நாளை காலை 9 மணிக்குக் கீழே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டப்பாவை மூடாமல் மேசை மேலேயே வைத்திருக்கிறார்.